ஐந்து கதிரைக் கார்

கார் வாங்கப் போவதற்கு முதல் நாள், என் மனைவி விறாந்தையில் ஐந்து கதிரைகளைக் கார் மாதிரி போட்டாள். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு மூன்று. வலப்பக்கக் கதிரையில் என்னை இருத்தி, ஸ்டியரிங் என்று ஒரு சாப்பாட்டுத் தட்டையும் கையில் தந்தாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிற மனிதன் நான், தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நல்ல காலம், என் மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டவுனில் கார் விற்கும் கடை ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிளை மெதுவாக்கி அதன் கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் பெருமைக்குக் கார் வாங்கினார்கள். எனக்கு என் வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு கார் தேவைப்பட்டது.

வீடு கல்லடியில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சுனாமிக்குப் பிறகு அதைத் திருத்திக் கட்டி ஓடும் போட்டாயிற்று. ஆனால் மனைவி அங்கே ஓர் இரவுகூடத் தங்க மாட்டாள். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டவுனில் ஓர் ஒழுங்கைக்குள் வாடகைக்கு இருந்தோம். கடைசியில் மனமிரங்கி ஒரு நிபந்தனை சொன்னாள்: வீட்டில் எந்த நேரமும் புறப்படத் தயாராக ஒரு வாகனம் நின்றால் வருவாள்.

ஆகவே எங்கள் ஒத்திகை கார் ஓட்டுவதற்கில்லை, தப்பி ஓடுவதற்கு. அவள் குசினி அடுப்படியிலிருந்து "தண்ணி" என்பாள். நானும் மகளும் ஓடிவந்து ஏற வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் போட்ட பை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கதவடியில் தொங்கும். ஷெல்லுக்குப் பயந்து கட்டிய பை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் நேரம் பார்த்தாள். கார்க் கடைக்காரனிடம் கேட்பதற்கு ஒரு கொப்பித்தாளில் கேள்விகளும் எழுதியிருந்தாள். எத்தனை பேரை நெருக்கி ஏற்றலாம், திறப்பை ஒருதரம் திருகினாலே ஸ்டார்ட் ஆகுமா, முழங்கால் தண்ணீரில் ஓடுமா. இதையெல்லாம் கேட்டால் அவன் எங்களுக்குப் படகு விற்கப் பார்ப்பான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நான்காவது கதிரை என் அக்காவுக்கு. அக்கா எப்போதோ கல்லடிக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஐந்தாவது கதிரை அக்காவின் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு. அதோடு நின்றாளா? கிழவியின் மகளுக்கு ஒன்று, பேரப்பிள்ளைக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்களிடம் இருந்த காசுக்குச் சின்னக் கார்தான் வரும், வான் வராது என்றேன். அப்படியென்றால் நாளைக்குப் போகவே வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டை நிலத்தில் போட்டுவிட்டு எழும்பினேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு பையில் மீனோடு வந்தாள். கதிரைகளைப் பார்த்து, வீட்டில் என்ன கூட்டம் என்று கேட்டாள். மகள் விளக்கம் சொன்னாள். அக்கா சிரித்தபடி போய்த் தன் கதிரையில் இருந்தாள். மனைவி அழத் தொடங்கிவிட்டாள்.

சுனாமி நாளில் நான் டவுனில் டியூஷன் வகுப்பில் இருந்தேன். மனைவியும் மகளும் அயலவரின் ஓட்டோவில் ஏறித் தப்பினார்கள். இடமில்லாமல் அக்கா தெருவில் நின்றாள். பள்ளிக்கூட மாடியில் ஏறி அவள் உயிர் தப்பியது எங்களுக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அக்கா எப்போது சாப்பிட வந்தாலும் மீனில் நல்ல துண்டை மனைவி அவளுக்குத்தான் வைப்பாள். அது பாசம் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

"அண்டைக்கு உங்கள விட்டுட்டுப் போனன் மச்சாள்" என்றாள் மனைவி. ஆறு வருடத்தில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

அக்கா மீன் பையைக் கதிரைக் காலோடு சாய்த்து வைத்தாள். பிறகு, "இடம் இருந்திருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டன் புள்ள. கிழவி உள்ளுக்குப் படுத்துக் கிடந்தா. அவவத் தூக்கிக்கொண்டுதான் மாடிக்கு ஓடினன். எப்பிடித் தப்பினீங்க எண்டு நீ கேப்பாய் எண்டு பாத்தன், கேக்கவே இல்ல" என்றாள்.

நாங்கள் யாருமே கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று விட்டுவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி நிலத்தில் குந்தி, அக்காவின் மடியில் முகத்தை வைத்து அழுது தீர்த்தாள். அக்கா அவள் தலையைத் தடவியபடியே, கார் வந்ததும் தன்னை முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், சேலை கசங்காமல் ஒருநாளாவது போய் இறங்க ஆசை என்றாள். மகள் மேலதிகக் கதிரைகள் இரண்டையும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மீனைக் கறியாக்கிச் சாப்பிட்டோம்.

காலையில் புறப்படும்போது அந்தக் கொப்பித்தாளை வாங்கிப் பார்த்தேன். எழுதியிருந்த கேள்விகள் எல்லாவற்றையும் கோடு போட்டு வெட்டியிருந்தாள். அப்படியென்றால் கடையில் என்னதான் கேட்பது என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சிவப்புல இருக்கா எண்டு கேளுங்க. கல்லடி வீட்டு முற்றத்தில நிண்டா வடிவா இருக்கும்."