பிக்கப்புக்குத் தடித்த குரல்

அந்த நீல பிக்கப் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் சன்னல் கண்ணாடிகள் லேசாக நடுங்கும். இப்போது ஓடுகிற வண்டிகள் பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கின்றன. ஒரு வண்டி என்றால் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாமா?

சிமெண்ட் மூட்டை, பழைய பீரோ, வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான் என்று கிடைத்ததையெல்லாம் அந்த வண்டியில் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர் லோடுக்காரர். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டைத் திறந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அவருக்கு அதுதான் வீடு.

ஒரு வருஷம் அது மெல்ல நின்றுபோனது. அவளுக்கு வேலை அதிகம் போல என்று அவரே இறங்கிக் கேட்டைத் திறந்துகொண்டார். ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுத்து வாசலுக்குள் விட்டபோது கண்ணாடியில் ஒரு வெள்ளைத் துணி அசைந்தது. பிரேக்கை மிதித்தார். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பவேயில்லை. ஹாரனை அழுத்தினார். அதற்கும் திரும்பவில்லை. அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"காது டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டு வருவோமா?" என்று அன்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"யாருக்கு, எனக்கா? நீங்க வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குத்தான் கேக்கும்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சில நாள் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு. அந்தப் பேச்சை இனி எடுக்கக்கூடாது என்று அவருக்குப் புரிந்தது. அவளை மாற்ற முடியாது, அவளுக்குக் கேட்கிற மாதிரி வண்டிச் சத்தத்தை மாற்றலாம். ஊருக்குச் சொல்லக் காரணமும் கையில் இருந்தது. வண்டி மேட்டில் இழுக்கவில்லை.

மலிவாக முடிக்கலாம் என்று, சைலன்சர் வாயில் மாட்டுகிற ஒரு விசிலை வாங்கித் தானே திருகினார். மனுஷன் அங்கேதான் கோட்டை விட்டார். தெரு நாய்கள் தலைதெறிக்க ஓடின. எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது. அவர் மனைவி மட்டும் வாசலில் உட்கார்ந்து நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விசில் புகையின் வழியை அடைத்ததில் வண்டிக்கு இருந்த கொஞ்சநஞ்ச இழுவையும் போனது.

அவர் நொந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது தெருமுனையில் உறுமலோடு ஒரு லாரி திரும்பியது. அவள் தலையைத் தூக்கினாள். "தண்ணி லாரி வந்துடுச்சு போல."

லோடுக்காரர் துள்ளி எழுந்தார். கீச்சுச் சத்தம்தான் அவளை எட்டவில்லை. தடித்த சத்தம் எட்டுகிறது!

மறுநாளே வெல்டர் பட்டறையில் போய் நின்றார்.

"அண்ணே, சத்தம் ஏறணுமா, இழுவை ஏறணுமா?"

"ரெண்டும். ஆனா கீச்சுனு இருக்கக் கூடாது. அடிவயித்துலேருந்து வரணும்."

"வண்டிக்கு ஏதுண்ணே வயிறு?" என்று சிரித்தபடி வெல்டர் பழைய சைலன்சரை வெட்டினார். உள்ளே துருவும் கரியும் உதிர்ந்து வழியை முக்கால்வாசி அடைத்திருந்தன. "இந்த மூக்கடைப்போடவா மேடு ஏறிச்சு? இதைக் கும்பிடணும்ணே."

பழைய இரும்புக் கடையில், உடைந்த வேன் ஒன்றிலிருந்து கழற்றிய குண்டு சைலன்சர் கிடைத்தது. பழையதைவிடக் கொஞ்சம் அகலமான குழாயை வளைத்துப் பற்றவைத்தார்கள். கூலிக்குப் பதிலாக வெல்டரின் இரும்புத் தகடுகளை லோடுக்காரர் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கினார். மூட்டைகளோடு பாலத்து மேட்டில் வண்டி கியர் குறைக்காமல் ஏறியது. வேறொரு நாளாக இருந்தால் குதித்திருப்பார். அன்று அவர் நினைப்பெல்லாம் வீட்டு வாசலில் இருந்தது.

தெருமுனை திரும்பினார். ஹாரனைத் தொடவில்லை. வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. கேட் மூடியே இருந்தது.

கேட் படாரென்று திறந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மனைவி நின்றாள்.

"என்னங்க இது கண்றாவி? முனை திரும்பும்போதே நெஞ்சுல இடிக்குது! தெருவுல மனுஷங்க குடியிருக்க வேணாமா? உங்களுக்குக் காது கேக்குதா, இல்லையா?"

அவர் இன்ஜினை அணைத்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு சொன்னார்.

"சரியா கேக்கல. இன்னொரு தடவை திட்டு."