புதுமேட்டில் பாலம் கட்டியவர்

மதியம் ஒன்றரை மணி அடித்ததும் தமிழ்செல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மாட்டார். முதலில் கோழிகளுக்குத் தீனி போட வேண்டும். ஏழு கோழிகள், ஒரு வெள்ளைப் பசு, ஆறு பாத்தி முள்ளங்கி. ஒரு சுற்று சுற்றி வந்து எல்லாம் நலம் என்று தெரிந்த பிறகுதான் தயிர்சாதம். அப்போதும் வலது கை சாதத்தில், இடது கை மவுஸில். இடது கையால் பசுவுக்கு உடம்பு தேய்த்துவிடுகிறவர் இந்த ஜில்லாவில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

பசுவும் கோழியும் இருப்பது கம்ப்யூட்டருக்குள். வேங்கிக்காலில் இருக்கிறது எங்கள் அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். இரண்டாயிரத்து ஐந்தில் சிடி டிரைவ் பழுது பார்க்க வந்தவர், அது ஓடுகிறதா என்று சோதிக்க ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டார். டிரைவ் ஓடியது. சிடியில் இருந்த கிராம விளையாட்டு கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. துப்பாக்கி கிடையாது, கார் பந்தயம் கிடையாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றி, ஊரில் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைப் போய் விளையாட்டு என்று யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்ல நெஜ மாடே ரெண்டு இருக்குது சார். கிட்டயே போக மாட்டேன், உதைக்கும். இது உதைக்காது" என்றார் தமிழ்செல்வி.

வயது முப்பத்தாறு. தொகுப்பூதியத்தில் தட்டச்சு வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம் நாற்காலி உண்டு. திங்கள்கிழமை தோறும் ஜனங்கள் மனுவோடு வந்து வரிசையில் நிற்பார்கள். தண்ணீர் வரவில்லை, பட்டா வரவில்லை, விளக்கு எரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பெயர், ஊர், கோரிக்கை என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, ரசீதுச் சீட்டு கொடுப்பது இவர் வேலை. கொடுத்துவிட்டு, "பாத்து சொல்லுவாங்கம்மா" என்பார். யார் பார்ப்பார்கள், எப்போது சொல்லுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. தபால் பிரிவில் எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியாது.

விளையாட்டிலும் ஜனங்கள் வருகிறார்கள். தொப்பி போட்ட ஓர் ஆள், சால்வை போர்த்திய ஓர் அம்மாள், மாவு மில்காரர். தலைக்கு மேல் ஒரு சின்ன மேகம் தோன்றும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அதில் படம் இருக்கும். இரண்டு முட்டை, ஒரு கட்டு முள்ளங்கி, அவ்வளவுதான். கொண்டுபோய்க் கொடுத்தால் குதிப்பார்கள்.

"கேட்டா குடுக்கலாம் சார். குடுத்தா சிரிப்பாங்க. நாளைக்கு வா, அந்த சீட்ல கேளுன்னு அங்க ஒருத்தரும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம லீவுன்னா கோழிகூட நம்ம வர்ற வரைக்கும் பசிக்காம காத்துக்கினு இருக்கும்." இதைச் சொல்லும்போது அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு 'புதுமேடு' என்று பெயர் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் விளையாட்டு ஏற்காதாம். சால்வை அம்மாளுக்குத் தங்கம்மாள், மில்காரருக்கு ராமதாஸ். வேடிக்கை என்னவென்றால், எண் போடாமல் யாருக்கும் எதுவும் செய்ய அவர் கைக்கு வராது. எனவே புதுமேட்டுக்காரர்களுக்கும் நம் மனுப் பட்டியல் மாதிரியே ஒரு பட்டியல் வைத்திருந்தார். வரிசை எண், பெயர், ஊர், கோரிக்கை, எடுத்த நடவடிக்கை. கடைசிக் கட்டத்தில் எல்லா வரியிலும் 'நிறைவேற்றப்பட்டது'. அப்படி ஒரு பட்டியலை என் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் நான் கண்டதில்லை.

அந்தப் பட்டியல்தான் வினையாகிவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு திங்கள்கிழமை, கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அடி அண்ணாமலையிலிருந்து மணியம்மாள் என்று பால் ஊற்றும் ஓர் அம்மாள் வந்திருந்தார். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடை. மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர். "போன மழைக்குக் கால் வழுக்கி உயுந்துட்டேம்மா. கேனு ரெண்டும் அடிச்சினு பூடுச்சி. நான் ஒரு வேலி முள்ளைப் புடிச்சினு தப்பிச்சேன். ஒரு சின்ன பாலம் போட்டுக் குடுங்க, போதும்." மனு எண் 214.

அன்று கம்ப்யூட்டரில் இரண்டு பட்டியலும் திறந்திருந்தன. புதுமேட்டிலும் அந்த வாரம் பாலம் உடைந்திருந்தது. 214ஆம் வரியில் மணியம்மாளின் ஓடைக்குப் பதிலாக, 'தங்கம்மாள், புதுமேடு, உடைந்த ஆற்றுப்பாலத்தைச் சீர் செய்ய வேண்டி' என்று ஏறிவிட்டது. மனுக்கள் கட்டாகப் பின்னால் போகும். பட்டியல் முன்னால் போகும். பட்டியலைத் தாண்டி யாரும் புரட்டுவதில்லை. புரட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

புரட்டாசியில், பாலம் போடுகிற ஆபீசிலிருந்து பதில் வந்தது. தபாலைப் பிரித்தவன் நான். 'மனு எண் 214. புதுமேடு கிராமத்தில் நேரில் ஆய்வு செய்யப்பட்டு, பாலம் சீரமைக்கப்பட்டது. மனு முடிக்கப்பட்டது.' கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் இறங்கிப் போய் ஆய்வு செய்துவிட்டு வந்திருக்கிறார்களே! தமிழ்செல்வியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது முடிஞ்சது வாஸ்தவந்தான் சார். அம்பது கட்டை வெட்டிப் போட்டு நாந்தான் முடிச்சேன்." சொல்லிக்கொண்டே, பதிலோடு திரும்பி வந்த கட்டில் 214இன் அசல் மனுவைத் தேடி எடுத்தார். பெயரைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஒரு வழி சொன்னேன். அனுபவஸ்தன் இல்லையா! "அந்தம்மாகிட்ட புதுசா ஒரு மனு வாங்கிக்கோங்க. புது நம்பர் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"இந்த வருஷத்து லிஸ்ட்ட மூடிட்டாங்க, புது நம்பர்னா அடுத்த வருஷத்து லிஸ்ட்ல போயிடும் சார். ஐப்பசி மழைக்கு அந்தம்மா மறுபடியும் ஓடைல எறங்கணும்."

"சரி, 214ஐத் தொறக்கணும்னா அதிகாரி கையெழுத்து வேணும். காரணம் எழுதணும். என்னான்னு எழுதுவீங்க? கோழி வளத்தேன்னா? வர்ற மாசம் உங்க ஆறு மாசம் முடியுது, மறந்துடாதீங்க."

அன்று சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை. கோழிகளும் பட்டினி.

அடுத்த திங்கள்கிழமை மணியம்மாளே ரசீதோடு வந்து நின்றார். "இன்னாம்மா ஆச்சு? பாத்தாங்களா?" வழக்கமாக வரும் 'பாத்து சொல்லுவாங்கம்மா' வரவில்லை. "செத்த இரும்மா" என்று எழுந்த தமிழ்செல்வி, பதில் கடிதத்தையும் அசல் மனுவையும், 214ஐத் திறக்க எழுதி வைத்திருந்த தாளையும் எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குள் போனார். நான் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கோப்பில் ஒன்றுமில்லை.

அதிகாரி பரசுராமன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "புதுமேடு எந்த ஒன்றியம்மா?"

"எந்த ஒன்றியமும் இல்ல சார். என் கம்ப்யூட்டர்ல இருக்குது."

முழுக்கதையையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. பரசுராமன் எழுந்து நேராகத் தமிழ்செல்வியின் மேசைக்கு வந்தார். "காட்டுங்க."

புதுமேட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றின் மேல் பாலம் முழுசாக நின்றது. அதன் மேல் சால்வை அம்மாள் நின்றிருந்தார்; தலைக்கு மேல் சின்ன மேகம்.

"இவங்களுக்கு என்னா வேணுமாம்?"

"ரெண்டு முட்டை சார்."

"இருக்குதா?"

"இருக்குது சார்."

"அப்புறம் ஏன் நிக்க வெச்சிருக்கீங்க? குடுத்துடுங்க" என்றார் அதிகாரி. முட்டை கைமாறியது. சால்வை அம்மாள் குதித்தார். பரசுராமன் சிரித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "கம்ப்யூட்டர்ல இதெல்லாம் இருக்கக் கூடாது. நாளைக்குள்ள எடுத்துடணும். உங்க ஆறு மாசத்தைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்." 214ஐ மறுபடி திறக்கும் தாளில், நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

"நாளைக்கு எதுக்கு சார், இப்பவே எடுத்துடறேன்" என்று தமிழ்செல்வி என்னிடம்தான் சொன்னார். நீக்கிவிடலாமா என்று கம்ப்யூட்டர் ஒரு முறை கேட்டது. அழுத்திவிட்டார். ஏழு கோழி, ஒரு பசு, ஆறு பாத்தி, ஓர் ஊர். அழிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முந்தின வாரம் யோசனை சொன்ன வாயை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"தாளைக் குடுங்க, தபால்ல சேத்துடறேன்" என்றேன்.

"வேணாம் சார். உங்க தபால் போயி சேர பத்து நாளு ஆவும்." தாளையும் மனுவையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "வாம்மா, பாலம் போடறவங்க ஆபீஸ் எதிர்லதான் இருக்குது, நேர்லயே குடுத்துடலாம்" என்று மணியம்மாளை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

எங்கள் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவில் முந்தின நாள் மழைத் தண்ணீர் குளமாக நின்றது. சுற்றிக்கொண்டு போகவும் வழி உண்டு. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்செல்வி ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது கையை மணியம்மாளிடம் நீட்டிவிட்டு, தண்ணீரில் இறங்கினார்.