கடிகாரம் இல்லாத நிரூபணம்

அலுவலகத்தில் அவளை நிரூபணக்காரி என்றுதான் சொல்வார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு எச்சரிக்கை மணி அமைத்துக் கொடுக்கிற கம்பெனி அது. நோயாளியின் இதயத்துடிப்பு தடுமாறினால் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டர் நர்ஸ் அறைக்குச் செய்தி அனுப்பும், அங்கே மணி அடிக்கும்; படுக்கையருகே சிவப்பு விளக்கு மின்னும், அவ்வளவுதான். அந்தச் செய்தி வழியில் எங்கேயும் தொலையாது என்று கணக்குப் போட்டு நிரூபிப்பது அவள் வேலை. சோதித்துப் பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவாள். ஆயிரம் தடவை சோதித்தால் அந்த ஆயிரத்துக்குத்தான் உத்தரவாதம், நிரூபித்துவிட்டால் எப்போதைக்கும் உத்தரவாதம் என்பாள். அவள் எழுதும் ஒவ்வொரு நிரூபணமும் ‘எல்லாப் படுக்கைகளுக்கும்’ என்றுதான் தொடங்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் வளர்த்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாள், தங்கையைப் படிக்க வைக்க. படுத்த பிறகு இவள் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள். “நான் பூட்டிட்டேன்டி, தூங்கு” என்பாள் அக்கா. அக்கா பூட்டியது நிஜம்தான், ஆனாலும் போய்ப் பார்ப்பாள்.

அக்காவின் கணவருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அத்தானுடைய பெயர் அங்கே ஸ்டாப்வாட்ச். செய்தி கிளம்பி மணி அடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து சராசரி சொல்வது அவர் அறையின் பொறுப்பு. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் ஏழாம் பொருத்தம்.

நிரூபணக்காரியின் அறையில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலையை எடுத்தாலும் முதலில் கணக்கிலிருந்து கடிகாரத்தைத் தூக்கிவிடுவார்கள். கடிகாரம் இருந்தால் ஒவ்வொரு படுக்கையையும் ஒவ்வொரு நொடியிலும் பார்க்க வேண்டிவரும், கம்ப்யூட்டர் ஆயுசுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நேரமா, அது அந்த அறைக்காரர்கள் பாடு. அத்தானுடைய அறையிலும் ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு ஆட்கள் வருவதுபோல எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று வைத்துக்கொள்வார்கள். எல்லா மானிட்டரும் ஒரே நேரத்தில் அனுப்பினால், இடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பினால் என்ன ஆகும்? அது இந்த அறைக்காரர்கள் பாடு. மணியை நம்பலாம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டில் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள், ஆனால் சாப்பிடும் இடத்தில் ஆபீஸ் பேச்சு கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.

அக்காவுக்கு இதய வால்வில் ஆபரேஷன் ஆயிற்று. அவளைப் படுக்க வைத்த வார்டில் இவர்கள் கம்பெனியின் மணிதான். அத்தான் அதை நர்ஸுகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கடைசிப் படுக்கை ஜன்னலோரம். அதில் ஒரு ஸ்கூல் டீச்சர். எல்லாரையும் நேராக உட்காரச் சொல்வார், பார்க்க வருபவர்களுக்குத் தன் நாற்காலியைத் தள்ளிவிடுவார். தனக்கென்று யாரும் பார்க்க வந்ததில்லை.

ஒரு நாள் அவள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது வார்டில் விளக்கு ஒருமுறை இமைத்தது. எல்லா மானிட்டரும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்தன. டீச்சரின் விரலில் மாட்டிய கிளிப் கழன்று, அவர் மானிட்டர் சிவப்பாக மின்னியது. நர்ஸ் அறையில் சத்தமே இல்லை. அவளே போய் கிளிப்பை மாட்டிவிட்டு, டீச்சரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, அக்காவிடம் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் மணி அடித்தது.

“கரண்ட் போய் வந்தா அப்படித்தாங்க,” என்றாள் நர்ஸ். “லேட்டாகும். ஆனா கட்டாயம் வந்துடும்.”

பக்கம் பக்கமாக அவள் நிரூபித்தது இதைத்தான். கட்டாயம் வந்துவிடும். எப்போது என்று அவள் சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போய் அத்தான் எதிரில் உட்கார்ந்தாள்.

“அத்தான், உங்க நம்பர் எல்லாம் எனக்கு வேணும். சராசரி வேண்டாம், ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம், எத்தனை தடவைக்கு ஒரு தடவை அப்படி ஆகுதுன்னு வேணும்.”

“நிரூபணக்காரிக்கு நேரம் எதுக்கு? தூக்கிப் போட்ட கடிகாரத்தைக் குப்பையிலேர்ந்து பொறுக்கப் போறியா?”

“ஆமா. விளையாடாதீங்க.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தான் ஃபைலைத் திறந்தார். அவளுடைய விதிகளில் அவருடைய நேரங்களைக் கோத்தார்கள். எது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதையும் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் அன்றைக்கும் ஓடியது, மறுநாள் மத்தியானம்தான் விடை சொன்னது. செய்தி தொலையாது, அவள் சொன்னது சரி. சராசரி ஒரு நொடிக்குள்தான், அவர் சொன்னதும் சரி. ஆனால் கரண்ட் ஒரு இமைப்பு போய் வந்தால் எல்லா மானிட்டரும் ஒரே நேரத்தில் ‘நான் இருக்கிறேன்’ என்று கத்தும். மோதிக்கொண்டு பின்வாங்கும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகம் காத்திருந்து மறுபடி கத்தும். அந்தக் கூச்சலுக்குள் மாட்டும் எச்சரிக்கைகளில் பத்துக்கு ஒன்று, இதயம் நின்ற மனிதன் தாங்குகிற நேரத்தைத் தாண்டித்தான் வரும். லட்சக்கணக்கான நல்ல நொடிகளுக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாமல் கிடந்திருக்கிறது.

அத்தான் மெதுவாகச் சொன்னார். “இன்னும் கொஞ்ச நேரத்துல புது ஜெனரேட்டர் மாத்துறாங்களாம். கரண்ட் போய் வரும்னு காலையில சிஸ்டர் சொன்னாங்க.”

மேனேஜரிடம் ஓடினார்கள். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அப்புறம் என்ன? திங்கக்கிழமை உக்காந்து பேசலாம்” என்றார் அவர். அவள் அங்கேயே நின்று வார்டுக்குப் போன் போட்டாள்.

“சிஸ்டர், ஜெனரேட்டர் மாத்தும்போது பன்னிரண்டாம் நம்பர் பக்கத்துலயே நில்லுங்க. எங்க அக்கா. மணியை நம்பாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவங்களை விட்டு நகராதீங்க.”

நகரமாட்டேன் என்று நர்ஸ் வாக்குக் கொடுத்தாள். போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். அத்தான் வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே போனார்.

அவர்கள் நுழைந்தபோது நர்ஸ் அக்காவின் கட்டிலை ஒட்டி நின்றிருந்தாள். “நீங்க சொன்னீங்கன்னு அசையவே இல்லை. இன்னொரு சிஸ்டர் மருந்து வாங்கக் கீழே போயிருக்காங்க. கரண்ட் போய் வந்து கொஞ்ச நேரமாச்சு, ஒண்ணும் ஆகலை.”

அக்காவின் மானிட்டர் பச்சையாக ஓடியது. அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். “என்னடி, தாழ்ப்பாளை இழுத்துப் பாக்க வந்தியா?”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அத்தான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி ஒரு கணம் அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

பிறகுதான் உறைத்தது. நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தாள். வரிசையாகப் படுக்கைகள், எல்லாவற்றிலும் ஆட்கள். போனில் அவள் ஒரே ஒரு நம்பரைத்தான் சொல்லியிருந்தாள்.

ஜன்னலோரப் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது, டீச்சர் மத்தியானம் தூங்குவதற்காக. திரைத் துணியில் சிவப்பு விட்டு விட்டுத் தெரிந்தது. அவள் ஓடிப்போய் விலக்கினாள். டீச்சரின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

நர்ஸ் அவளைத் தள்ளிவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். டாக்டர் ஓடி வந்தார். விளக்கடித்து டீச்சரின் கண்ணைப் பார்த்தார்.

“ஹார்ட் நின்னு எவ்வளவு நேரமாச்சு?”

அப்போது, ஆளில்லாத நர்ஸ் அறையில் மணி அடித்தது.