கோரஸ் இல்லாத காட்சி

ராபர்ட்சன்பேட்டை சர்ச் பாடகர் குழுவில் நான் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்ஸ்தாயிக் குரல். நோட்டேஷனைக் கையில் கொடுத்தால் பார்த்தவுடன் பாடிவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதனால், நாங்கள் கேட்டு வளர்ந்த அந்த இசையமைப்பாளரின் உதவியாளர் சென்னையிலிருந்து பேசி, பின்னணி இசைக்கு எட்டுக் குரல் வேண்டும் என்றபோது, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் குழுவினர் ஏழு பேருடன் பங்காருபேட்டையில் ரயில் ஏறினேன்.

இசையமைப்பாளர் பல வருடம் மற்றவர்களின் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்துவிட்டு இசையமைக்க வந்தவர். ஆர்மோனியம்கூடத் தொடாமல், காட்சியை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார்.

தங்கச் சுரங்கப் படம். ஆட்களை ஷாஃப்டுக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் தொழிலாளர்கள் கீழே போகிறார்கள். எங்கள் குரல்கள் அலையலையாக எழும்பி உச்சத்தைத் தொடும். இரண்டு டேக் பாடினோம். என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார்.

"மூணாவதா நிக்கிற அம்மா, ஏதாவது சிரமமா?"

"சிரமம் இல்ல சார். எங்கப்பா முப்பது வருஷம் கேஜ்ல எறங்கினவரு. எறங்கறப்போ யாரும் பேச மாட்டாங்களாம். காது அடைச்சுக்குமாம். ரோப் ஓடற சத்தம் மட்டும்தானாம்."

பக்கத்தில் நின்ற தோழி என் கையைக் கிள்ளினாள்.

"கீழ போய் நின்னதும்?" என்றார் அவர்.

"யாராவது ஒருத்தர் இருமுவாராம். அப்புறந்தான் பேச்சே வருமாம்."

இசை இல்லாமல் காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கோரஸ் எழுதிய பக்கத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அடியில் ஒரேயொரு செல்லோ மட்டும் நீளமாக ஒலிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, "உங்க பாட்ட நீங்களே எடுத்துட்டீங்களே" என்று சிரித்தார்.

"வேற சீன் குடுங்க சார், பாடறோம்."

மறுநாள் ஒரு கல்யாணக் காட்சிக்குப் பாடினோம்.

படம் எங்கள் ஊருக்கு வந்ததும் அப்பாவை அழைத்துப் போனேன். கேஜ் இறங்கியபோது தியேட்டரில் அசைவே இல்லை. அப்பா ஸீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கினார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் காது அடைத்தவர்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்.

இடைவேளையில் அப்பா கேட்டார். "இன்னாம்மா, அந்த சீன்ல பாடினேன்னு சொன்னியே, ஒண்ணும் கேக்கலியே? எனக்குத்தான் காது போச்சா?"

"இல்லப்பா. நான் சொல்லித்தான் எடுத்துட்டாரு."

"சரியாத்தான் சொல்லிகீற" என்றார். காபி வாங்கி வரச் சொன்னார்.

அதன்பிறகு மூன்று படங்களுக்கு அந்த இசையமைப்பாளர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். அவர் அந்தப் படத்துக்கு எழுதியதிலேயே சிறந்தது, வெட்டிப்போட்ட அந்தக் கோரஸ்தான். வெட்டியதும் சரிதான். இரண்டையும் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.