மண்ணெண்ணெய் வாசம் அடிச்ச சக்கரம்

அந்த வெள்ளைக் காரை நெனச்சா எனக்கு இன்னைக்கும் குமட்டிக்கிட்டு வருது. காரு மேல இல்ல, என் மேலதான்.

தேயிலை வெல படுத்துக் கெடந்த காலம் அது. கோத்தகிரிப் பக்கம் பறிச்ச கொழுந்தை வாங்க ஆளில்லாம ரோட்டோரம் கொட்டிட்டுப் போனாங்க. நான் மிஷினுகளைப் பாத்துக்கற பிட்டரா இருந்த சின்ன தேயிலை பாக்டரியும் பூட்டியாச்சு. என் சம்சாரத்தோட தம்பிக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருந்துச்சு. இனிமே இந்த எலையை நம்புனா சோத்துக்கு வழியில்லன்னு தோட்டத்தை வித்துட்டான். ஒரு பழைய காரை வாங்கி மேட்டுப்பாளையத்துக்கு டாக்ஸி ஓட்டறதுன்னு முடிவு பண்ணுனான். காரை விக்க வெச்சிருந்தவரு வேற யாருமில்ல, எங்க பாக்டரி மொதலாளிதான்.

மச்சினனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சரின்னு சொன்னாச் சரிங்க மாமான்னு என்னையக் கூட்டிட்டுப் போனான். மொதலாளி பங்களா வாசல்லதான் வண்டி நின்னுச்சு. இஞ்சின் சுத்தமா இருந்துச்சு. ஆனா நான் மொதல்ல பாக்கறது பின் அச்சைத்தான். அந்த மாதிரி வண்டியில பின் பேரிங் தேஞ்சுபோனா, ஒருநாள் சக்கரம் அச்சுத் தண்டோட சேந்து வெளிய உருவிக்கிட்டு வந்துரும். சமதரையில வந்தாத் தப்பிக்கலாம். மலை ரோட்டுல வந்தா யாரு தப்பிக்கறது?

ஜாக்கி போட்டுத் தூக்குனேன். வலது சக்கரத்துல ஒரு கொறையும் இல்ல. இடது சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா டொக்கு டொக்குன்னு ஆடுது. பாக்டரியில மிஷின் பேரிங்கைக் கேக்கறாப்பல, நீளமான ஸ்க்ரூ டிரைவரை அச்சு மேல ஊனி, அதோட புடிய காதுல வெச்சுக்கிட்டு, சக்கரத்தைச் சுத்தி விட்டேன். மணலை மெல்லறாப்பல நறநறன்னு கேட்டுச்சு. சக்கரத்தைக் கழட்டிப் பாத்தேன். வலது பக்கம் பூரா வருசக்கணக்கான சேறு அப்பிக் கெடக்க, இடது பக்கம் மட்டும் தொடச்சு வெச்சாப்பல இருக்குது. மோந்து பாத்தா மண்ணெண்ணெய் வாசம். பேரிங் தேஞ்சு ஒழுகுன ஆயிலை அன்னைக்குக் காத்தாலதான் யாரோ கழுவிட்டிருக்காங்க. சீ, என்ன பொழப்பு இதுன்னு எனக்கு அங்கேயே காறித் துப்பணும்போல இருந்துச்சு.

என்ன பண்ணியிருக்கணும் நான்? முன்னால நின்னு, தன்னோட துண்டால கண்ணாடியத் தொடச்சுக்கிட்டிருந்த மச்சினனைக் கூப்புட்டுக் காட்டியிருக்கணும். காட்டல. எங்க பாக்டரியில ஒரு வழக்கம். மிஷின்ல கொறை இருந்தா வெளியாளுக முன்னால வாயத் தொறக்கக் கூடாது, மொதலாளிய ஒதுக்கமாப் பாத்துச் சொல்லணும். அத்தனை வருசம் அப்படியே பழகுன கழுதை நான். கையத் தொடச்சுக்கிட்டு, பங்களாவுக்குப் பின்னால போயி, குனிஞ்சு நின்னுக்கிட்டு, இடது பின் பேரிங் போச்சுங்கன்னு அவருகிட்டயே சொன்னேன். விக்கறவனுக்கே போயி ரிப்போர்ட்டு!

அவரு பேரிங்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. காப்பியக் குடிச்சு முடிச்சுட்டு, "சீசனுக்கு பாக்டரியத் தொறக்கறேன். பிட்டரு நீதான?"ன்னு கேட்டாரு.

நான் பல்லைக் காட்டுனேன். ஆமாங்கன்னேன். திரும்பி வந்து, கழட்டுன சக்கரத்தை மாட்டி, அதை ஒரு தட்டுத் தட்டி, "வண்டி நல்லாருக்கு மாப்ள"ன்னேன்.

எங்க ரோட்டுல எறக்கத்துல இஞ்சினை அணைச்சுட்டு உருட்டிட்டுப் போறது வழக்கம், டீசல் மிச்சம் புடிக்க. தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பண்ணுவாங்க. அப்படி உருட்டிட்டுப் போறப்பதான் மச்சினனுக்குச் சத்தம் கேட்டிருக்குது. ஊட்டுக்கு வந்து, பின்னால உர்ருன்னு உறுமுதுங்க மாமான்னான். மேல புது ரப்பர் ஒட்டுன ரீட்ரெட் டயரு அப்படித்தான் கத்தும்னு சொல்லிட்டேன். அரைநாள் வேலை அது. புது பேரிங் ஒண்ணு வாங்கி நானே மாட்டியிருக்கலாம். மாட்டுனா, மொதல்லயே தெரியுமான்னு கேப்பானே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்துக்கிட்டு அவனைத் தெனமும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள்ல எறங்க விட்டேன். அவன் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. வந்த ஒடனே நல்லாத் தின்பேன். தூ.

ஒருநாள் மத்தியானம், ஆளை எறக்கி விட்டுட்டு வண்டி காலியா வந்திருக்குது. எறக்கத்து வளைவுல இடது பின் சக்கரம் தண்டோட உருவிக்கிட்டு வண்டிக்கு முன்னால ஓடியிருக்குது. வண்டி பள்ளத்துப் பக்கம் போகல, மலையில மோதி நின்னுச்சு. உசுரு தப்புச்சு. மச்சினனோட இடது மொழங்கால் நொறுங்கிப்போச்சு. இனிமே அது மடங்காது, கிளச்சு மிதிக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பாக்டரியும் அந்த சீசனுக்குத் தொறக்கல. எந்த சீசனுக்கும் தொறக்கல.

ஆஸ்பத்திரியில என் சம்சாரம் கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு மொதலாளியத் திட்டித் தீத்தா. உங்களுக்கு அப்பவே தெரியலீங்களான்னு என்னையப் பாத்துக் கேட்டா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் குறுக்க பேசுனான்.

"மாமாவச் சொல்லாதக்கா. மாமா பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் உருட்டி உருட்டித் தேச்சுப்புட்டேன்."

சொல்லிட்டு, அப்படித்தானேங்கறாப்பல என் மூஞ்சியப் பாத்தான்.

நான் ஆமா மாப்ளன்னேன்.