நான் நிறுத்தச் சொன்ன குளிசை

உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். இதயத் தசையில் வாங்கிகள் இருக்கின்றன, அதிரீனலின் வந்து அவற்றில் ஒட்டினால்தான் இதயம் வேகமெடுக்கும் என்று வருசா வருசம் தொண்டை வரளக் கத்தியிருக்கிறேன். அந்த வாங்கிகளை அடைத்து வைக்கிற குளிசையைத்தான் என்னைக் கட்டின மாப்பிள்ளை எட்டு வருசமாகப் போட்டு வந்தார். அதை நிறுத்தச் சொன்னதும் நான்தான். பெரிய படிச்ச மனிசி!

வீடு கல்முனையில், வயல் இறக்காமத்தில். அவருக்கு பிரஷர் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. எனக்கென்ன நோவா, காய்ச்சலா என்று கிளினிக் பக்கமே போகாமல் திரிந்தார். ஒருநாள் மூச்சு வாங்கிப் போய்க் காட்டியபோது இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்திருந்தது. மூட்டை தூக்குகிறவனின் தோள் தடிக்கிற மாதிரித்தான், இவ்வளவு காலமும் பாரத்துக்கு எதிராக இறைத்திருக்கிறது என்றார் டொக்டர். காலையும் இரவும் குளிசை, ஒரு நேரமும் தவறக்கூடாது என்றார். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன்.

போன வருசத்து நோன்பில் காலைக் குளிசையை விடியமுதல் சாப்பிடுகிற சஹருக்கும் இரவுக் குளிசையை நோன்பு திறந்த பிறகும் போட்டார். அதுவரைக்கும் சரி. முதல் கிழமையே, இரவு தராவீஹ் தொழுகையில் தலை சுற்றி, பக்கத்தில் நின்றவர்கள் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். வெட்கத்தில் முகம் செத்துப்போய் வந்தார். வீட்டு மெசினில் பார்த்தால் பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. டொக்டருக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுத்தால் நோன்பை விடச் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாத மனிசன். அவருடைய நோன்பைக் காப்பாற்ற நினைத்தேன், அவ்வளவுதான். பட்டினி கிடந்தால் பிரஷர் தானாகக் குறையும், பெருநாள் வரைக்கும் குளிசையை விடுங்க என்றேன். டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது அவருக்கு.

வாங்கிகளை வருசக்கணக்கில் அடைத்து வைத்தால் இதயம் இன்னும் கூடுதலாக வாங்கிகளை உண்டாக்கிக்கொள்ளும். திடீரென்று குளிசையை விட்டால் அத்தனையும் திறந்து கிடக்கும். சோதினையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்பேன். என்ட குசினிக்குள் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

குளிசை விட்டு ஐந்தாம் நாள், பின்னேரம் அசர் நேரம், வெட்டுக்கு நின்ற வயலுக்குள் யானை இறங்கிவிட்டது. தகரத்தைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, வரம்பால் ஓடியிருக்கிறார். உடம்பில் இருந்த அதிரீனலின் முழுக்க அந்தத் திறந்த வாங்கிகளில் போய் விழுந்திருக்கும். வரம்பிலேயே சரிந்துவிட்டார். பக்கத்து வயல்காரர்தான் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

யார் குளிசையை விடச் சொன்னது என்று டொக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல், ஒட்சிசன் மூடியை விலக்கி அவர் சொன்னார்.

"நான்தான் டொக்டர். நோன்பு எண்டு விட்டுட்டேன்."

வார்டே கேட்கிற மாதிரி ஏச்சு விழுந்தது. கேட்டுக்கொண்டு கிடந்தார். வகுப்பில் நாலு முழத்துக்கு நீளுகிற என் நாக்கு அங்கே செத்துக் கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னீங்க என்று பிறகு அழுதேன். "உன்னட்டப் படிக்கிற புள்ளைகள் இருக்கு. இத ஒருத்தருக்கும் கதைக்காத" என்றார். நானும் கதைக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. வெட்கம் கெட்ட சென்மம்.

தடித்திருந்த சுவர் இப்போது தளர்ந்து, இதயம் பெருத்துக் கிடக்கிறது. அடி, அடி என்று அதிரீனலின் விடாமல் கத்துகிறது. கத்திக் கத்தி இருந்த வாங்கிகளும் குறைந்துகொண்டு போகின்றன. மூன்று தலகணி வைத்தால்தான் அவரால் படுக்க முடியும். குளியலறைக்குப் போய் வர இடையில் ஒருதரம் கதிரையில் இருக்க வேண்டும். அவருக்கு இதெல்லாம் கவலையில்லை. விட்ட நோன்புகள்தான் கவலை. சுகமான பிறகு திருப்பிப் பிடிக்கிற நோன்பை நாங்கள் கழா என்போம். கழாவை எப்போது தொடங்கலாம் என்று கிழமைக்கு ஒருதரம் கேட்பார். கொஞ்சம் தேறட்டும், இன்ஷா அல்லாஹ் பிடிக்கலாம் என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன்.

இந்த வருசத்து நோன்புக்கு ஒரு கிழமை இருக்கையில், கிளினிக்கில் அவரை வெளியே இருத்திவிட்டு டொக்டரிடம் தனியாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், இனி எந்தக் காலத்திலும் நோன்பு வேண்டாம் என்றார். இனிச் சுகமே இல்லை என்று ஆனவருக்கு மார்க்கத்தில் கழா கிடையாது. ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஓர் ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பித்யா.

அடுத்த நாள் மத்தியானம் அவர் லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சுண்டால் அளந்து பைகளில் அரிசி போட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து எப்போது வந்தாரோ தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். வரிசையாக நின்ற பைகளைப் பார்த்தார். மார்க்கச் சட்டத்தில் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

"பித்யாவா புள்ள?"

நான் இன்னொரு சுண்டு அரிசி அள்ளினேன்.

"கழா பிடிக்கலாம் எண்டுதானே சொல்லிக்கொண்டிருந்த."

கையிலிருந்த சுண்டை அரிசிக்குள் வைத்தேன். அவரிடம் நான் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையும் நம்பியிருப்பார்.

"இல்ல," என்றேன். "இனி ஏலாது."

அவர் மெதுவாக நிலத்தில் குந்தி, மூச்சு அடங்கும் வரைக்கும் இருந்தார். பிறகு ஒரு வெறும் பையை எடுத்து, நான் அரிசி கொட்டுவதற்காக அதன் வாயை விரித்துப் பிடித்தார்.