நாற்பது மூட்டை விதை

மைதானத்தில் புல் வளர்க்கும் அந்த மனிதரை ஊரே புல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. இருபத்தாறு வருடம் அந்தக் கால்பந்து கிளப்புக்கு மாடாய் உழைத்தவர். கோல் கம்பத்துக்கு முன்னால் மண் பெயர்ந்து கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கிளப் முதலாளியோ ஆட்டம் பார்க்க வந்தாலும் கண்ணாடி அறையை விட்டு இறங்காத ஆசாமி.

அந்த ஆசாமி ஒருநாள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். கிளப்பின் கடனில் முக்கால்வாசி அடைந்துவிட்டதாம். ரசிகர்கள் ஆளுக்கொரு கடன்பத்திரம் வாங்கினால் மீதியும் அடைந்துவிடுமாம். இரண்டு வருடத்தில் வட்டியோடு திருப்பித் தருவாராம். ரசிகர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். போன வருடமும் இதே முக்கால்வாசிதான் அடைந்திருந்தது. கணக்கைக் காட்டு என்றால், ஆடிட்டர் லீவு என்று பதில் வந்தது. ஆறு மாதமாக லீவில் இருக்கிற ஆடிட்டரை அந்த ஊரில்தான் பார்க்கலாம்.

ரசிகர் மன்றத் தலைவர் புல்லுக்காரரின் தங்கை புருஷன், பஸ் டிரைவர். ஒரு மத்தியானம் ஷிஃப்ட் முடிந்த கையோடு மைதானத்து ஷெட்டுக்கு வந்தார்.

“மச்சான், அந்தாளு பேச்ச நாங்க யாரும் நம்பல. நீங்க உள்ள இருக்கறவரு. சொல்லுங்க, கிளப்பு நிக்குமா, மூடிருவானா?”

புல்லுக்காரர் மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டினார். “நாப்பது மூட்ட புல்லு விதை, மாப்ள. போன வாரம் வந்துச்சு. மூடிட்டுப் போறவன் எவனாவது விதை வாங்குவானா?”

டிரைவர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

ஒன்றை மட்டும் புல்லுக்காரர் சொல்லவில்லை. அந்த விதை பத்தே நாளில் பச்சைப்பசேல் என்று முளைத்து, மூன்று மாதத்தில் கருகிப் போகிற மலிவு ரகம். ஆட்டம் நடக்கிற மைதானத்தில் அதை யாரும் தூவ மாட்டார்கள். ஷூ பட்டாலே வேரோடு பெயர்ந்துவிடும். மூட்டை வந்த அன்றே அவருக்குச் சந்தேகம் தட்டியது. கஞ்சப்பயல், இதிலும் காசு மிச்சம் பிடிக்கிறான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். கிளப் மூடினால் ஐம்பத்தெட்டு வயதில் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? நம்ப வேண்டியிருந்தது, நம்பினார்.

‘புல்லுக்காரரே சொல்லிட்டாரு’ என்ற பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. ஒரே வாரத்தில் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. டிரைவர் தன் மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார். மூன்றாவது மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற தங்கையும், “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டாளாம்.

விதைத்த பன்னிரண்டாம் நாள் மைதானம் கண்ணைப் பறித்தது. அன்றைக்கு அளவு நாடாவும் கேமராவுமாக மூன்று பேர் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவர் சொன்னார்: “நல்ல வேளை, பச்சையா இருக்கு. போன தடவ படத்துல வெறும் மண்ணு. இடம் வாங்கறவங்க மூஞ்சியச் சுளிச்சாங்க.”

மூன்று மாதப் புல்லை வாங்கியது எதற்கென்று புல்லுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மாதத்துக்குள் மைதானம் அடுக்குமாடிக்காரர்களுக்குக் கைமாறியது. வந்த பணத்தை பேங்க் வாரிக்கொண்டு போனது. முதலாளியின் போன் அணைந்தே கிடந்தது. பத்திரங்கள் வெறும் காகிதம்.

மன்றத்தின் கடைசிக் கூட்டத்தில் ஒருவர் புல்லுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார். டிரைவர் குறுக்கே பாய்ந்தார். “அவரச் சொல்லாதீங்க! அவருக்கு என்ன தெரியும்? நம்மள மாதிரி அவரும்தான் ஏமாந்தாரு.” கத்தியவரே வந்து புல்லுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் புல்லுக்காரரால் தாங்க முடியவில்லை.

கூட்டம் கலையும்முன் டிரைவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டிரைவர் கேட்டார்: “எப்பத் தெரியும்?”

“மூட்ட வந்த அன்னைக்கே சந்தேகம் தட்டுச்சு, மாப்ள. உள்ள போயி எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“வேணாம். வருஷக்கணக்கா பொய்யாக் கேட்டு நொந்துபோன ஜனங்க. நீங்க ஒருத்தராவது மறைக்கலன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்.” டிரைவர் இரண்டு படி இறங்கி நின்றார். “எங்க வீட்டுப் பக்கம் மட்டும் இனிமே வராதீங்க. அண்ணன் ஏன் வரலன்னு உங்க தங்கச்சி கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”